தென்னம்பிள்ளை வைத்த வீடு

விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்காமல் மருதையன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். கல்யாண வீடு, துக்க வீடு எல்லாம் ஒன்றுதான். "சிமெண்ட்ல கை வச்சிட்டானுவ" என்று அங்கேயே சொல்லிவிடுவார். மெதுவாகச் சொல்லத் தெரியாது. கதிர் அறுக்கிற மெஷின் ஓட்டி ஓட்டிக் காது பாதி போய்விட்டது. நாகப்பட்டினம் பஸ்ஸில் அவர் போன் பேசினால் கண்டக்டர் விசில் எடுபடாது.

விலை பேசப் போன இடத்தில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மாடு வாங்கப் போனாலும் அப்படித்தான். "தண்ணி உள்ள போனா நாக்கு கொழஞ்சிரும்டா. அப்பறம் எப்புடி கொறச்சிக் கேக்குறது?"

போன மாசியில் மேலத்தெரு இராஜாங்கம் வாத்தியார் வீடு விலைக்கு வந்தது. அந்தத் தெருக்காரர்கள் வயலில்தான் மருதையனின் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தார். எங்கள் கீழத்தெருவிலிருந்து அங்கே வீடு வாங்கியவர் இதுவரை யாருமில்லை. வாத்தியார் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. "நீங்க வாங்குனா எனக்குச் சந்தோஷம் மருதையன்" என்றார். விலை படிந்தது. பத்திரம் முடிகிறவரை மருதையனுக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரமே அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னம்பிள்ளை நட்டுவிட்டார். "காய்க்கிறப்ப பேரப்புள்ள வந்துரும்ல!"

அப்புறம்தான் மனைவி ராசம்மாளை வீடு காட்ட அழைத்துப் போனார். நானும் போனேன். இவர் உள்ளே அறை அறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். ராசம்மாள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தெருப் பெண்கள் போனார்கள், வந்தார்கள். ஒருத்தரும் முறைக்கவில்லை. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராசம்மாள் பிடித்துக்கொண்டது. "நம்ம தெருவுல புதுசா நாய் வந்தாக்கூட எந்த ஊருன்னு கேப்பாளுவ. அங்க ஒருத்தி, ஏம்மா வெயில்ல உக்காந்திருக்கன்னு கேக்கல. பகல் பூரா நீ மெஷின்ல கெடப்ப. நான் யார்கிட்டய்யா பேசுறது, செவுத்துக்கிட்டயா? நீதான் தட்டிப் பாத்தியே, அது பதில் சொல்லுதா?"

"யாராவது ஒருத்தர் மொதல்ல போகணும்லண்ணே" என்றேன் நான்.

"போவலாம்டா. நான் காலையிலயே கெளம்பிருவேன். அங்க இருக்கப்போறது அவதான?"

மறுநாள் மருதையன் என்னையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் முன்னால் போய் நின்றார். "வீடு வேண்டாங்க சார்."

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "என்ன சொன்னீங்க?" என்றார் வாத்தியார். இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

"செவுத்துல ஏதாச்சும்..."

"செவுரு கல்லு மாரி இருக்குங்க. வீட்ல ஒரு கொறையும் இல்ல."

வாத்தியார் வாசல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

மருதையன் வாங்கிப் பாதி குடித்தார். மீதியைக் கொல்லைக்கு எடுத்துப்போய்த் தென்னம்பிள்ளையின் தூரில் ஊற்றி, சுற்றியிருந்த மண்ணைக் காலால் அணைத்துவிட்டார்.