பர்மா தேக்கு

சிதம்பரத்து மரக்கடையில் சுமை தூக்கியவர் பர்மாவிலிருந்து வந்தவர். நரைத்த மீசை. எந்தப் பலகையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தோளில் ஏற்றுவார். என் வாசல் கதவுக்குப் பர்மா தேக்கு கேட்டேன். எங்கள் தெருவில் யாரிடமும் அது இல்லை. அப்போது கடை டிவியில், பர்மாவில் ஊர்வலம் போன புத்த பிட்சுகளைப் பட்டாளம் சுட்டதைக் காட்டினார்கள்.

"என் தங்கச்சி அங்கதாம்மா இருக்கா," என்றார்.

"உலகத்துல இத்தினி நாடு இருக்குதே, தட்டிக் கேக்க ஒருத்தனும் இல்லியா?" என்றேன்.

"எல்லாரும் அந்தப் பட்டாளத்துக்காரன்கிட்டதான் மரம் வாங்குறாங்க. அந்தக் காசுலதான் அவன் குண்டு வாங்குறான்."

"அப்ப நீ ஏம்பா தூக்குற?"

"வேற வேல குடுங்க, இப்பவே வரேன்," என்று சிரித்தார்.

எனக்கு வேங்கை மரமே போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தேக்கை எனக்குப் பின்னால் வந்தவர் வாங்கினார். அதையும் அந்த நரைத்த மீசைக்காரர்தான் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.