இரண்டாவதாக ஏற மாட்டோம்

சட்டசபைக் கட்டடத்து லிஃப்ட்காரரை எல்லோரும் ‘மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைக் கேட்க அங்கே யாருக்குப் பொழுதிருக்கிறது? பெரிய மனிதர்களை ஏற்றி இறக்கியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு என்று அவர்கள் மாற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, கும்பிடுகிற கையில் மட்டும்தான் மரியாதையை மிச்சம் வைத்திருந்தார்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யச் சொன்னார் டாக்டர். கட்டுப்படியாகாமல் இரண்டாகக் குறைத்திருந்தார்கள். விட்டுப்போன நாளில் கால் வீங்கும், மூச்சுக்குத் தவிப்பாள்.

ஆளுங்கட்சியின் மருத்துவ மசோதா நிறைவேறினால் அத்தனையும் இலவசம். எதிர்க்கட்சியால் தடுக்க முடியாத பெரும்பான்மை. ஆனால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! கட்சியில் இரண்டு தலைவர்கள். எல்லோருக்கும் இலவசம் என்றது கண்ணாடிக்காரர் கோஷ்டி. ஏழைகளுக்கு மட்டும் என்றது கோட்டுக்காரர் கோஷ்டி. இரண்டும் ஒரே கட்சி, ஒரே கொடி. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மாடியின் மனைவி பிழைப்பாள். இந்தப் பாழாய்ப்போனவர்களோ பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒரே லிஃப்டில் ஏறுவதையும் நிறுத்தினார்கள். ஒரு கோஷ்டியை மேலே விட்டுவந்துதான் மாடி அடுத்ததை ஏற்றவேண்டும்.

ஓட்டெடுப்பு நாளன்று காலையில் கட்சி மேலிடம் இரு தலைவர்களையும் அதட்டி உட்காரவைத்தது. ஏழைகளுக்கு இப்போது, மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் என்று முடிவாயிற்று. மாடி மனைவிக்குப் போன் போட்டு, “இன்னிக்கு ஆயிடும்” என்றார்.

ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் லிஃப்ட் வாசலுக்கு வந்து நின்றன.

“நாங்கதான் முதல்ல” என்றார் கண்ணாடிக்காரர்.

“நாங்க என்ன உங்க வாலா, பின்னாலயே வர்றதுக்கு?” என்றார் கோட்டுக்காரர்.

“ஐயா, மணி நின்னா சபைக் கதவைச் சாத்திடுவாங்க. யாராவது ஏறுங்க. இல்லன்னா படி இருக்குங்க, மூணே மாடிதான்” என்று கெஞ்சினார் மாடி.

“படியா? எனக்கு இப்பதான்யா நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு, அரசாங்கச் செலவுல!” என்றார் கண்ணாடிக்காரர். “வேணும்னா அவரைப் படியில போகச் சொல்லு.”

தலைவர் நிற்கும்போது தொண்டர் படியேறினால் மரியாதைக்குறைவு. அதனால் பின்னால் இருந்த எம்.எல்.ஏக்களும் கல்லுப்பிள்ளையாராக நின்றார்கள். தூ, இவர்களும் மனிதர்கள்!

“உங்க கால்ல விழறேங்க, ஏறுங்க” என்றார் மாடி. விழவும் செய்தார். மணி நின்றது. மேலே சபைக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்த எதிர்க்கட்சி மசோதாவைத் தோற்கடித்துவிட்டு மேசையைத் தட்டியது.

சாயங்காலம் அதே கட்டடத்து மேல்தளத்தில் கட்சி கூடி ஆராய்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லிஃப்ட் சின்னதாக இருந்ததுதான் தோல்விக்குக் காரணமாம். பக்கத்தில் இன்னொரு லிஃப்ட் போட ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. இரு தலைவர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்றாகவே கீழே இறங்கினார்கள்.

“என்னப்பா மாடி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்றார் கோட்டுக்காரர்.

மாடி கதவைத் திறந்துவிட்டார். அன்று கும்பிடவில்லை.

வீட்டில் மனைவி வீங்கிய காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“என்னங்க, வந்துருச்சா?”

“புது லிஃப்ட் வருது.”

“அது யாருக்கு?”

“ஏற மாட்டேன்னு நின்னவங்களுக்கு.”