எலுமிச்சை வாசனையில் துரு

போல்ட் அசையவில்லை. நட்டு எப்போதோ கழன்று மெத்தை ஓரத்தில் கிடந்தது. போல்ட் மட்டும், பிறந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்பதுபோல் உள்ளேயே இருந்தது. மோட்டார் சைக்கிளை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தாள். பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அதன் அடியில் பழைய மெத்தையை விரித்து, இடுப்பு வலிக்காத பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மரக்கட்டையை போல்ட் முனையில் வைத்து மறுபடி அடித்தாள்.

"அண்ணி, பக்கத்து வீட்டுல கொலை நடக்குதுன்னு நினைக்கப் போறாங்க" என்றாள் நாத்தனார், சமையலறைக் கதவில் சாய்ந்தபடி.

"நினைக்கட்டும். உள்ள ஏதோ செத்துத்தான் கிடக்கு. என்னன்னு பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை மனுசங்க தூங்குவாங்க."

"தூங்கறவங்களை நான் ஒண்ணும் சொல்லலையே."

ஊருக்கு அவள் குழாய்க்காரி. அணையிலிருந்து ஊரின் பெரிய தொட்டிக்கு வரும் இரும்புக் குழாய் மலைச் சரிவுகளின் மேல் ஏறி இறங்கி வருகிறது. அதையொட்டிச் சாலை கிடையாது. கல், சேறு, மறுபடி கல். தினமும் அந்தத் தடத்தில் போய், எங்கே கசிகிறது என்று பார்த்து, திறக்க வேண்டிய வால்வைத் திறந்து, மூட வேண்டியதை மூடிவிட்டு வருவது அவள் வேலை. சேர்ந்த புதிதில் நடந்துதான் போனாள். சேற்றுப் பந்தயத்தில் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்ட ஒருவர், மனைவியின் கட்டளைப்படி வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஓட்டிக்கொண்டு என்பது பேச்சுக்கு. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வந்தாள். உயரமான இருக்கை, முள்ளு முள்ளாக டயர், வெட்டுக்கிளி மாதிரி தூக்கி நிற்கும் பின்பக்கம். அணைக்கரையில் விழுந்து விழுந்து பழகினாள். அப்போதெல்லாம் அவள் விழுந்ததை யாரும் வயது என்று சொல்லவில்லை.

வால்வுகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். காரணமில்லாமல் எந்நேரமும் சீறிக்கொண்டிருப்பது மாமியார். யார் என்ன செய்தாலும் அசைந்து கொடுக்காதது மாப்பிள்ளை. அலுவலகத்திலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. குழாய்த் தட வரைபடத்தில் போட்டிருக்கும் எண்களை யாரும் சொல்வதில்லை.

போன வாரம் மாப்பிள்ளைக்குக் கீழே உள்ள இறக்கத்தில் விழுந்தாள். கழுதை முதுகு போல ஒரு கல் அங்கே உண்டு. வருடக்கணக்காக அதன் மேல் ஏறி இறங்குகிறாள். ஏறும்போது பின் சக்கரம் ஒருமுறை உள்வாங்கி, இறங்கும்போது மெல்ல விட்டுக்கொடுக்கும். அன்றைக்கு உள்வாங்கவில்லை. உதைத்தது. அவள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போனார்கள். தோளும் இடுப்பும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தன.

மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அவளைவிட இளையவர், நல்ல மனுஷன். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, தரையைப் பார்த்துப் பேசினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸ் கவுண்டருக்கு வந்துடுங்க அக்கா. புகார் கேட்டா போதும். தலைக்கு மேல ஃபேன் இருக்கு."

"புகார் கேக்கறதுன்னா நான் வீட்டுலயே கேட்டுக்கறேன் சார்."

அவர் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. தடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போது பக்கத்தில் நின்றிருந்த அவள் கணவர் தலையை ஆட்டினார். "அதைத்தான் நானும் சொல்றேன் சார். வயசாகுதில்ல. சொன்னா கேக்க மாட்டேங்கறா."

இடுப்பு வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. இந்த வலிக்கு மாத்திரை இல்லை.

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் ஓடியது ஒன்றுதான். உதைத்தது வண்டியா, கோட்டை விட்டது தானா? வண்டியின் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நீளமான கைக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் ஒரு சின்ன இணைப்புத் துண்டு உண்டு. லிங்க் என்பார்கள். அதற்குள் ஊசி ஊசியான உருளைகள் கொண்ட பேரிங்குகள் இருக்கின்றன. அவை சுழன்றால்தான் சக்கரம் உள்வாங்கும். அதைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். உள்ளே பேரிங் நன்றாக இருந்தால் தப்பு தன்னுடையது. வாயை மூடிக்கொண்டு கவுண்டரில் போய் உட்கார வேண்டியதுதான். இதை நாத்தனாரிடமும் சொல்லி வைத்தாள், பிறகு பின்வாங்க முடியாதபடி.

அடுத்த அடியில் போல்ட் ஒரு நூல் நகர்ந்தது. அதற்கடுத்த அடியில் முனகிக்கொண்டே வெளியே வந்தது. மீதி போல்ட்டுகளையும் உருவி லிங்க்கைக் கையில் எடுத்தாள். ஒரு விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய உள்குழல், இரண்டு கையால் திருகியும் நறநறவென்றது. அதைக் கட்டையால் தட்டித் தள்ளினாள். உள்ளேயிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வடிந்து அவள் முழங்கை வரை ஓடியது. ஊசிகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன, சில பாதியாகத் தேய்ந்திருந்தன. கிரீஸ் என்பது மருந்துக்கும் இல்லை.

மெத்தையில் மல்லாந்து படுத்தாள். அழவில்லை. சிரிப்புதான் வந்தது. அப்போதுதான் வாசனை தெரிந்தது. துருவின் வாசனையோடு இன்னொன்று. முழங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை.

அந்த வாசனை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தலையணை உறைகளில்கூட உண்டு. அவள் கணவர் வண்டிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் கடை வைத்திருக்கிறார். பூ வாங்கிக் கொடுக்கவோ நாலு வார்த்தை இதமாகப் பேசவோ தெரியாத மனுஷன். ஆனால் சாயங்காலம் அவள் சேறும் சகதியுமாக வந்து இறங்கினால், ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். எலுமிச்சை ஷாம்பு நுரையைப் பூசி, பிரஷர் குழாயால் அடிப்பார். மேலாகக் கழுவிவிடும் ஆள் இல்லை அவர். குனிந்து, பின் சக்கரத்துக்கு அடியில், சேறு ஒளிந்திருக்கும் இடமாகப் பார்த்து, கிட்டத்தில் வைத்து அடிப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே கொஞ்சல் அதுதான். வண்டி புது வண்டி போலப் பளபளப்பதால், வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து கிரீஸ் வைக்க வேண்டிய லிங்க்கைத் திறக்க அவளுக்கும் தோன்றவில்லை.

ரப்பர் பூட்ஸ் சத்தத்துக்கு முன்னால் வாசனை வந்தது. கணவர் சாப்பிட வந்திருந்தார்.

"என்ன இது, குடலை உருவிப் போட்டிருக்கே?"

அவள் எழுந்து உட்கார்ந்து உள்குழலை நீட்டினாள். "மோந்து பாருங்க."

பார்த்தார். "நம்ம ஷாம்பு."

"உள்ளேயிருந்து வந்துச்சு."

"தண்ணி அடிச்சா அழுக்குதானே போகும்?"

"அழுக்கோட கிரீஸும் போகும். கிரீஸ் காலி பண்ணின எடத்துல தண்ணி குடி வந்துடும். ரப்பர் சீல் இருக்கறதால உள்ள போனது வெளிய வராது. உக்காந்து தின்னும்."

அவர் துருப்பிடித்த ஊசி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அது உருளவில்லை. "அப்ப நீ அன்னிக்கு விழுந்தது..."

"சொல்லுங்க."

"நான் தள்ளிவிட்டதுங்கறே."

"உங்க குழாய் தள்ளிவிட்டுச்சு. நீங்க பக்கத்துல நின்னு வயசுன்னு சாட்சி சொன்னீங்க."

சமையலறைக் கதவிலிருந்து நாத்தனார் சொன்னாள்: "ஊர்ல ஒரு வண்டி விடாம கழுவறே அண்ணா. இந்த வீட்டுல நீ கழுவாதது சாப்பிட்ட தட்டு ஒண்ணுதான்."

வேறொரு நாளாக இருந்தால் திட்டியிருப்பார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் சார்கிட்ட சொல்லிடறேன். தப்பு என்னுதுன்னு."

"வேணாம்."

"ஏன்?"

"நீங்க சொல்லி நான் போனா, நீங்க அனுப்பி நான் போன மாதிரி. நான் போறேன், அவ்வளவுதான்."

"கவுண்டருக்கு வரச் சொல்லியிருக்காரே."

"சொன்னது அவர். போறது நான்."

"வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கட்டும். மேல எத்தனை வால்வு இருக்கு, எது எந்தப் பக்கம் திருகணும்னு அந்த ஃபேனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

"மறுபடி விழுந்தா?"

"எந்திரிப்பேன். இத்தனை நாள் அதானே பண்ணினேன்."

"அப்பவாவது வயசுன்னு சொல்லலாமா?"

"அப்பவும் மொதல்ல பேரிங்கைப் பாருங்க. அப்புறம் என்னைப் பாருங்க."

புதிய பேரிங்குகளும் சீல்களும் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் இருந்தன. குளிர்ந்தால் உலோகம் மயிரிழை சுருங்கும், இறங்குவதற்கு லேசாக இருக்கும். நாத்தனார்தான் எடுத்து வந்தாள்.

"பேரிங் நல்லா இருந்தா கவுண்டருக்குப் போறேன்னு சொன்னீங்க அண்ணி. அப்புறம் எதுக்குக் காலையிலேயே இதைக் குளிர வெச்சீங்க?"

அவள் லிங்க்கைத் துடைத்துக் கொடுத்து, அடுப்பில் சட்டியை வைத்து மிதமாகச் சூடாக்கச் சொன்னாள்.

"உப்பு போடணுமா?"

"ஒங்க அண்ணனைக் கேளு. அவர்தான் ஊற வெச்சது."

பழைய பேரிங்குகளை வைஸ் என்ற இறுக்குப் பிடியில் வைத்து அழுத்தி ஏற்கனவே வெளியே தள்ளியிருந்தார்கள். வைஸின் பிடியைச் சுற்றியது அவர். அவளுடைய தோள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதை அவள் ஒப்புக்கொண்டாள். தோள் அடிபட்ட தோள், வயதான தோள் இல்லை என்று மட்டும் சொன்னாள். புதியது ஒவ்வொன்றும் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று அவள் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாள். "நிறுத்துங்க" என்றால் நிறுத்தினார். "இன்னும் கால் சுத்து" என்றால் கால் சுற்று. இத்தனை வருட வாழ்க்கையில் அவள் சொன்னதை அவர் இவ்வளவு கச்சிதமாகக் கேட்டதில்லை.

ஊசிகளுக்கு நடுவே விரலால் கிரீஸை அப்பினாள். இடுக்கு தெரியாமல் அப்பினாள். உள்குழலைச் செருகி ஒரு விரலால் சுற்றினாள். சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் நின்றது. போல்ட்டுகளுக்கும் கிரீஸ் பூசி மாட்டினாள். வண்டியைப் பெட்டியிலிருந்து இறக்கியதும் அவர் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். உள்வாங்கி, மெல்ல எழுந்தது.

"அப்ப இனிமே இது சேறோட நிக்கணுமா?"

"நிக்கட்டும்."

"கடைக்கு வர்றவன் பார்த்துட்டு, பொண்டாட்டி வண்டியையே கழுவாதவன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். தொடைக்கணும்னா துணியால தொடைங்க. அந்தக் குழாயோட இது பக்கத்துல வந்தீங்கன்னா, உங்க மோட்டாரை இதே மாதிரி கழட்டி வெச்சுடுவேன்."

"கழட்டுவே நீ" என்றார் அவர். அதில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். அலுவலகத்துக்குத் திரும்பும் தெருவில் திரும்பவில்லை. காலையில் தூறல் இருந்தது. கழுதை முதுகுக் கல்லில் பின் சக்கரம் உள்வாங்கி இறங்கியது. இடுப்பு வலித்தது. மாப்பிள்ளையின் இணைப்பில் தண்ணீர் கசிந்தது. ரப்பர் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு, மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். கவுண்டரில் ஆளைக் காணோமே என்று பார்த்ததாக அவர் சொன்னார். அவள் கசிவு இருப்பதாகச் சொன்னாள். எது, மாமியாரா என்று அவர் கேட்டார். இல்லை, மாப்பிள்ளை என்றாள். இரண்டு பேரை அனுப்புகிறேன் என்றார். பெரிய ஸ்பானர் கொடுத்து அனுப்பச் சொன்னாள். கவுண்டரைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் கணவர் ஈரத் துணியால் பெட்ரோல் டாங்கையும் விளக்கையும் துடைத்தார். பின் சக்கரத்துப் பக்கம் போகவில்லை. காய்ந்த சேறு இரண்டு கட்டியாக வாசலில் உதிர்ந்திருந்தது. நாத்தனார் கூட்டி அள்ளினாள்.