பெயரில்லாமல் வந்த இரத்தம்

மலேசியாவின் கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் டீனாவுக்கு வயது முப்பத்திரண்டு. பிறந்து பதினொரு மாதத்தில் தலசீமியா என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் உடம்பு போதுமான இரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், யாரோ கொடுத்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டு வருகிறாள்.

சின்ன வயதில் அம்மா டொரத்தி கட்டிலருகே உட்கார்ந்து, "யார் குடுத்தாங்கன்னு நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவங்களுக்காக ஒரு செபம் சொல்லு" என்பார். டீனாவும் சொல்வாள். பதினாறு பதினேழு வயதில் அதை விட்டுவிட்டாள். பள்ளி முகாமுக்குப் போக முடியாத கோபம், ஊசி குத்திக் கறுத்த கையை மறைக்கும் கவலை. யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எம்.சி.ஓ. என்ற நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில், இரத்தம் குறைவாக இருக்கிறது, நான்கு நாள் கழித்து வாருங்கள் என்று போன் வந்தது. நான்கு நாள் ஒன்பதாகியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரிய வியாழன் பூசையைப் படுத்தபடியே கைப்பேசியில் பார்த்தாள். "இது உங்களுக்காகச் சிந்தப்படும் என் இரத்தம்" என்ற இயேசுவின் வார்த்தையைச் சொல்லிச் சாமியார் கிண்ணத்தை உயர்த்தினார். ஒருவர் தன் இரத்தத்தை இன்னொருவருக்காகக் கொடுப்பது என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை இரத்தம் கிடைத்தது. பையில் இருந்த தேதியைப் படித்தாள். மூன்று நாளுக்கு முன் எடுத்தது. ஊரே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தபோது யாரோ வெளியே போய்க் கொடுத்திருக்கிறார்கள். அவள் அழுவதைப் பார்த்துத் தாதி புஷ்பவல்லி ஓடி வந்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சிஸ்டர். இந்த நேரத்துல யார் வந்து குடுத்தாங்க?"

"வராங்கம்மா. போலீஸ்கிட்ட லெட்டர் காட்டிட்டு வராங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு பைக்கும் மறுபடி செபம் சொல்கிறாள்.

போன தவக்காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம் நடந்தது. டீனா ரயிலேறிப் போனாள். கொடுக்கத்தான் முடியாது, கொடுத்தவர்களுக்குச் சூடாக மைலோ பானம் கலக்கித் தரலாமே. மத்தியானம், நெற்றியில் திருநீறும் தோளில் துண்டுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் நாகையா, ரவாங்கில் லோரி ஓட்டுகிறவர்.

"கெட்டியா போடும்மா. மொத தடவ நான் ரத்தம் குடுக்கப் போனதே மைலோவுக்கும் பிஸ்கட்டுக்கும்தான்."

"இது எத்தனாவது தடவ அங்கிள்?"

"எழுபத்தொன்னு."

"எம்.சி.ஓ. டைம்லகூட குடுத்தீங்களா?"

"குடுத்தேன்லா. ரவாங்லேர்ந்து மோட்டார்ல வந்தேன். மூணு இடத்துல ரோட் பிளாக். நோயக் கொண்டாந்துருவேன்னு வீட்டுக்காரி ஒரு வாரம் பேசல."

டீனா குவளையைக் கீழே வைத்தாள். "உங்க குரூப் என்ன அங்கிள்?"

"பி பாசிட்டிவ். ஏன்?"

"நான் ஓ. உங்க ரத்தம் எனக்கு வந்திருக்காது. ஆனா நான் வாங்குற ஆளு அங்கிள், கைக்குழந்தையிலேர்ந்து. எனக்குக் குடுத்தவங்க ஒருத்தரயும் பாத்ததில்ல. அவங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றிய உங்ககிட்ட சொல்லிக்கவா?"

நாகையா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நானும் வாங்குனவங்கள பாத்ததே இல்லம்மா. யாருக்குப் போச்சு, இருக்காங்களா இல்லையா, ஒன்னும் தெரியாது. இப்ப ஒரு ஆளத் தெரிஞ்சிருச்சு." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன வேல பாக்குற?"

அவள் தன் வகுப்பின் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். யார் குறும்பு, யார் தூங்கிவிடுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்போல அத்தனை ஆவலாய்க் கேட்டார்.

ஈஸ்டர் காலைப் பூசைக்குக் கிள்ளானுக்கு வரும்படி அழைத்தாள். மனைவி சீதாலெட்சுமியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மன்றாட்டு நேரத்தில் டீனா மேடையேறினாள். முகம் தெரியாமல் இரத்தம் கொடுத்த எல்லாருக்காகவும், தான் சந்தித்த நாகையாவுக்காகவும் மன்றாடினாள். பெயர் கேட்டதும் சீதாலெட்சுமி கணவரை இடித்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது.

பூசை முடிந்து மண்டபத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பரிமாறினார்கள். கூச்சத்தோடு கதவருகிலேயே நின்ற அந்த இருவரையும் டொரத்தி கைபிடித்து அழைத்துப் போய், தன் மகள் பக்கத்தில் உட்காரவைத்தார்.