ஆல்டர்பி பிரபுவின் மேலங்கி

அந்த மேலங்கியைப் பற்றி யார் கேட்டாலும் ஆம்ப்ரோஸ் டிக்னர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "எங்க பிரபு தன் கையாலயே என் தோள்ல போட்டுவிட்டது." அதற்குமேல் கேட்டால் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொள்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த நாடகக் கொட்டகையில் அவர்தான் உடுப்பு அறைக்காரர். நடிகர்களுக்கு வசனம் மறந்துபோகும், வாள் மறந்துபோகும், சில நாள் நாடகமே மறந்துபோகும். ஆம்ப்ரோஸுக்கு ஒரு பொத்தான் மறக்காது. மேடையிலிருந்து ஓடிவருகிற ராஜாவை நூறு எண்ணுவதற்குள் பிச்சைக்காரனாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். வெளியே கூட்டம் கொட்டையை உடைத்துத் தின்றபடி கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆல்டர்பி பிரபுவின் அறைப் பணியாளராக இருந்தவர். காலையில் சட்டை மாட்டுவது, காலுறை கட்டுவது, கையுறைக்கு வாசனை தேய்ப்பது, எல்லாம் அவர்தான். பழைய ராணியின் கடைசிக் காலத்தில் அந்தப் பிரபு இன்னும் சில பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு, ராணியைப் பிடித்துத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள அரண்மனைக்குக் குதிரை ஏறிப் போனார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஒரு மாதத்தில் தலை போயிற்று.

அன்று காலை கிளம்புமுன் பிரபு தன் மேலங்கியைக் கழற்றி ஆம்ப்ரோஸின் தோளில் போட்டார். கருஞ்சிவப்பு வெல்வெட். ஓரமெல்லாம் வெள்ளி இழை, தோளில் வெள்ளிக் கொக்குச் சின்னம். லண்டனில் பாதிப் பேருக்கு அதைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும். "இன்னைக்கு நீதான்டா நான்," என்று சிரித்தார் பிரபு. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். ஆம்ப்ரோஸ் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிப்பாய்கள் வந்து முதலில் அவரைத்தான் பிடித்தார்கள். இருபது நாள் சிறை.

பிரபுவின் வீட்டில் இருந்ததையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மேலங்கி ஆம்ப்ரோஸின் உடம்பில் இருந்ததால் அவருடையது என்று எழுதி விட்டுவிட்டார்கள். ஆனால் வேலைக்காரன் வெல்வெட் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா? பிரபுக்களின் துணி கைக்கு வந்த எல்லா வேலைக்காரர்களும் செய்வதை அவரும் செய்தார். நாடகக்காரர்களிடம் கொண்டுபோனார். கொடுத்த பிறகு அதை விட்டுவிட்டு வரக் கால் வரவில்லை. "இதைப் பார்த்துக்க ஆள் வேணுமே," என்றார். மேலங்கியோடு ஆளும் உள்ளே வந்தது அப்படித்தான்.

கொக்கை அவரே பிரித்து எடுத்துவிட்டார். ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் வெல்வெட்டின் மயிர் கொக்கு வடிவில் இன்னும் படிந்து கிடக்கும். அதனால் ஏழு வருஷமாக யாருக்கும் அதைப் போட்டுவிடவில்லை. இப்போது ராணி இல்லை. வடக்கிலிருந்து புது அரசர் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, பழைய வழக்கெல்லாம் தூசி படிந்துவிட்டது. புது சோக நாடகத்துக்கு அதை எடுக்கலாம் என்று கம்பெனிப் பங்குதாரர்கள் முடிவு செய்தார்கள்.

நாடகத்தில் ஒரு கிழ அரசர், அவருக்கு இரண்டு பிரபுக்கள். ஒருவன் வடக்குக் கோட்டைக்காரன், இன்னொருவன் மேற்குக் கோட்டைக்காரன். ஒருவன் கடைசிவரை அரசருக்கு உண்மையாக இருந்து சாகிறான், மற்றவன் பதவிக்கு ஆசைப்பட்டு அரசரைக் கொல்கிறான். இவ்வளவுதான் வெளியே சொன்னார்கள். இரண்டு பேரில் யாருக்கு மேலங்கி என்பதை ஆம்ப்ரோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

அவருக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. உண்மையான பிரபுவுக்குத்தான். ஏழு வருஷமாக ஆல்டர்பி என்றால் துரோகி. அவருடைய விதவையான சீமாட்டி லாம்பெத்தில் அண்ணன் வீட்டின் பின்கட்டில் இருந்தார். கோயிலுக்குப் போனாலும் யாராவது முணுமுணுப்பார்கள் என்று வாசலைத் தாண்டுவதில்லை. மூவாயிரம் பேர் கூடுகிற இடத்தில் அந்த மேலங்கி ஒரு நல்லவன் தோளில் ஏறி நிற்க வேண்டும், கூட்டம் அதைப் பார்த்துக் கை தட்ட வேண்டும், சீமாட்டி அதைக் கேட்க வேண்டும். ஆம்ப்ரோஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டார். முதல் நாளன்று முகமூடி போட்டுக்கொண்டு மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பதாக அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார்.

இரண்டு பேரில் உண்மையானவன் யார் என்பதுதான் தெரியவில்லை.

நாடகக் கொட்டகையில் முழு நாடகத்தையும் யாருக்கும் காட்டமாட்டார்கள். எதிர்க் கம்பெனிக்காரன் திருடிவிடுவான் என்று பயம். பிரதி எழுதும் கிரிஸ்பின் முழுத் தாளையும் பெட்டியில் பூட்டிவிட்டு, ஒவ்வொரு நடிகனுக்கும் அவனவன் பேச்சை மட்டும் நீளமான சுருளில் எழுதிக் கொடுப்பான். முன்னால் பேசுகிறவனின் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் குறிப்பாக இருக்கும். யாரிடம் பேசுகிறோம், அவன் என்ன கேட்டான் என்பதுகூடச் சில நேரம் தெரியாது. இந்த முறை அதிலும் பாதிதான் வந்திருந்தது. நாடகம் எழுதுகிறவர் மூன்று அங்கம் கொடுத்துவிட்டு மிச்சம் இரண்டுக்கு நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிரிஸ்பினிடம் கேட்டால், தனக்கே தெரியாது என்றான்.

ஆம்ப்ரோஸ் இரண்டு சுருளையும் வாங்கிப் படித்தார்.

வடக்குப் பிரபுவாக நடிக்கிறவர் ஜெர்வேஸ் ஃபௌலர். கம்பெனியின் பங்குதாரர், ஊரே அறிந்த நடிகர். அவருடைய சுருளில் அரசருக்குச் செய்யும் சத்தியம் பக்கம் பக்கமாக ஓடியது. என் மூச்சு உங்களிடம் கடன் வாங்கியது என்று ஓரிடம். உங்கள் நிழல் விழுந்த மண்ணை மிதிக்கக் கால் கூசுகிறது என்று இன்னோரிடம். மேற்குப் பிரபு டோபி லெஞ்ச், கூலிக்கு நடிக்கிறவன். அவன் சுருள் முழங்கை நீளம்கூட இல்லை. இருந்ததும் முரட்டுப் பேச்சு. இந்த வரிச்சுமை கூடாது, ஜனம் தாங்காது. விருந்துக்கு வரமாட்டேன், எனக்கு அறுவடை இருக்கிறது. நீங்கள் செய்வது தப்பு, அரசே.

பதினோரு வருஷம் பிரபுவுக்குக் காலுறை கட்டியவருக்கு இது தெரியாதா? அரசரிடம் முகத்தைச் சுளிக்கிறவன்தான் கத்தியை எடுப்பான். ஜெர்வேஸின் வரிகளைப் படிக்கப் படிக்க அவருக்குக் கண் கலங்கியது. ஆல்டர்பி பிரபு பேசுகிற மாதிரியே இருந்தது. அந்த மரியாதை, அந்தக் குழைவு. அன்றே மேலங்கியை எடுத்து ஜெர்வேஸுக்கு அளவு பார்த்து ஓரத்தை மடித்துத் தைத்தார். ஜெர்வேஸ் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்தார். "அடேயப்பா, இதைப் போட்டா என் முதுகே நிமிருதேய்யா," என்றார்.

முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மிச்சத் தாள் வந்தது. கிரிஸ்பின் விடிய விடிய எழுதிச் சுருளோடு சுருளை ஒட்டினான். காலையில் ஜெர்வேஸ் ரொட்டியும் கருவாடும் தின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். நாலாம் அங்கத்தில் வடக்குப் பிரபு தூங்குகிற அரசரைத் தலையணையால் அழுத்திக் கொல்கிறான். ஐந்தாம் அங்கத்தில், இழவுக்கு வந்த மேற்குப் பிரபு அரசரின் உடம்பை விட்டு நகரமாட்டேன் என்று நிற்க, அவனையும் குத்துகிறான்.

ஆம்ப்ரோஸ் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் பஞ்சு மெத்தையில் குத்தினார். அப்புறம் மேலங்கியைத் திருப்பிக் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் ஜெர்வேஸ்.

"இது நல்ல பிரபுவுக்குன்னு வச்சது, ஐயா."

"நேத்து வரைக்கும் நான் நல்லவன். நாலு தாள் வந்ததும் கெட்டவனாயிட்டேனா? ஒரு வரி மாறலையேய்யா. முதல்ல பேசினது பொய்னு யார் சொன்னா? அந்த ஆளு நம்பித்தான் பேசறான். நானும் நம்பித்தான் பேசறேன். பேசிட்டே இருக்கும்போதே ராஜா நாற்காலி கண்ணுல பட்டுருது, அவ்வளவுதான்."

"டோபிக்குக் குடுத்துடலாம் ஐயா. உங்களுக்கு வேற நல்லதா, பச்சையில..."

"அறுவடை பாக்குறவனுக்கு வெல்வெட்டா?" ஜெர்வேஸ் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பங்குதாரர் சொன்னால் சொன்னதுதான்.

டோபியாவது கேட்டு வாங்குவான் என்று அவனிடம் போனார். அவன் மூலையில் உட்கார்ந்து தன் குட்டிச் சுருளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"எனக்கு வேணாம்ணே," என்றான். "கடைசியில நான் குத்துப்பட்டு விழணும். பன்றி மூத்திரப்பையில ஆட்டு ரத்தத்தை ஊத்தி உடுப்புக்குள்ள கட்டி வச்சிருப்பாங்க. வெல்வெட்ல பட்டா போகுமா? அப்புறம் நீங்கதான் தேய்ச்சுத் தேய்ச்சு அழணும்."

சீமாட்டியை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் மிச்சம். மறுநாள் மதியம் ஆம்ப்ரோஸ் லாம்பெத்துக்கு நடந்தார். அந்த வீட்டு வாசல்வரை போனார். கதவைத் தட்டக் கையைத் தூக்கியதும், என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் கணவர் பேசுகிற மாதிரி ஒருத்தன் பேசினான், அதனால் அவனை நல்லவன் என்று நினைத்துவிட்டேன் என்றா? தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்.

முதல் நாள் கொட்டகை பிதுங்கியது. மேடைத் திரையின் கிழிசல் வழியாக ஆம்ப்ரோஸ் மாடத்தைப் பார்த்தார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், கறுப்பு முகமூடி, கறுப்புக் கையுறை. பக்கத்தில் பணிப்பெண். ஜெர்வேஸ் மேலங்கியோடு மேடையேறியதும் அந்த அம்மாள் முன்னால் குனிந்து மாடத்தின் கட்டையைப் பிடித்தார். சத்தியங்கள் வந்தன. கூட்டம் ஜெர்வேஸுக்காக உருகியது. டோபி வந்து வரிச்சுமை கூடாது என்று அரசரை முறைத்தபோது கீழே நின்றவர்களில் ஒருவன் கொட்டைத் தோலை வீசினான்.

நாலாம் அங்கத்தில் தலையணையை எடுத்தபோது கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டது. ஆம்ப்ரோஸ் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, யாருக்கும் தேவையில்லாத ஒரு கச்சையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சீமாட்டி எழுந்து போயிருப்பார் என்று நினைத்தார். கடைசி எக்காளம் ஊதியதும் எட்டிப் பார்த்தார். போகவில்லை.

ஆட்டம் முடிந்து பணிப்பெண் வந்து கூப்பிட்டாள். படகுத்துறையில், கட்டியிருந்த படகிலேயே சீமாட்டி உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியில் நின்றார்.

"துணியை நல்லா வச்சிருக்க," என்றார் அந்த அம்மாள்.

நடந்தது தன் தப்பு என்றார் ஆம்ப்ரோஸ். பாதிச் சுருளைப் பார்த்து ஏமாந்துவிட்டதைச் சொன்னார். "அந்த ஆளு பேச்சு அப்படியே நம்ம பிரபு பேச்சா இருந்துச்சும்மா. அதான்."

"அவர் பேச்சுதான்." சீமாட்டி முகமூடியை எடுத்தார். "அரண்மனைக்குப் போற அன்னைக்கெல்லாம் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்ப்பார். நல்லா இருக்கான்னு என்னைக் கேட்பார். நீ கீழ உட்கார்ந்து காலுறை கட்டிட்டிருப்ப."

ஆம்ப்ரோஸுக்கு அது நினைவிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டது நினைவிருந்தது.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லைம்மா. அன்னைக்குக்கூட இதைத் தன் கையாலயே எனக்கு..."

"எந்த நாற்காலியில உட்காரச் சொன்னார்?"

"ஜன்னல் ஓரத்துல."

"முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

முதுகுதான் தெருப் பக்கம் இருந்தது. திரும்பாதே என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார் பிரபு.

"எதிர்வீட்டு வாசல்ல ராணியோட ஆள் ரெண்டு நாளா நின்னுட்டிருந்தான். நாங்க எல்லாரும் பார்த்தோம், உனக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல." முகமூடியை மடியில் வைத்தார். "உன்னையும் தூக்குல போட்டிருப்பாங்க ஆம்ப்ரோஸ். விட்டது அதிர்ஷ்டம்."

படகுக்காரன் துடுப்பை எடுத்தான். கிளம்பும்போது, அந்த மேற்குப் பிரபுவாக வந்தவன் பெயர் என்ன என்று கேட்டார் சீமாட்டி. ஆம்ப்ரோஸ் சொன்னார்.

"அவன் செத்தப்போ யாருமே தட்டல. நான் தட்டினேன். கையுறையில சத்தம் வரல."

அடுத்த நாளும் அதே நாடகம்தான். ஊரே கேட்டது, விட முடியுமா? ஆம்ப்ரோஸ் மேலங்கியைத் தூரிகையால் வாரி ஜெர்வேஸின் தோளில் போட்டுக் கொக்கியை மாட்டினார். வழக்கமாக மாட்டியதும் ஓரடி பின்னால் போய் ஒருமுறை பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. டோபியின் கம்பளி உடுப்பில் முந்தின நாள் ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அதை உப்பு நீரில் மறுபடி அலசி, அடுப்போரம் வைத்துக் காயவைத்துக் கொடுத்தார். டோபி அதைப் போட்டுக்கொண்டு, "சூடா இருக்குண்ணே," என்றான்.

அந்த வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தையல்காரி ஒருத்தி, ஆணியில் தொங்கிய மேலங்கியைத் தடவிப் பார்த்தாள். வெல்வெட்டில் கொக்கு படிந்திருந்த இடம் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. இது யாருடையது என்று கேட்டாள்.

"ஒரு பிரபுவோடது," என்றார் ஆம்ப்ரோஸ். "அவசரத்துல விட்டுட்டுப் போனது."