எறும்பு வந்த இடம்

என் கையெழுத்து கோணல். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

எறும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நானும் என் தாய்மாமாவும் குலை வெட்டினோம். மாமா ஒதுங்கிய மரத்தடியில், நாங்கள் சோறு தின்று எழுவதற்குள் சிவப்பெறும்பு மொய்த்துவிடும். முதலில் கண்டவர் எங்களை வேலை வாங்கும் மண்டோர். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“டேய், இங்க பாருங்கடா! இவன் மூத்திரத்துல தேத்தண்ணி கலக்கலாம் லா. சீனியே போட வேணாம்!”

கூட்டமே சிரித்தது. அன்று முதல் மாமாவின் பெயர் சீனி. பெண்கள்கூட, “சீனியண்ணே, தள்ளிப் போய் ஒதுங்குங்க, எங்க சோத்துக்கு எறும்பு வருது” என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

மாமா ஒரு வழி கண்டார். ஒதுங்கினால்தானே எறும்பு? வேலைக்காட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். வெயிலில் உதடு வெடித்திருக்கும். நான் போத்தலை நீட்டினால், “வேணாம் மருமவனே, மானம் போவுது” என்பார். வருடக்கணக்கில் அப்படியே.

கால் வீங்கி விழுந்த பிறகுதான் சிரம்பான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தின்றதிலுள்ள சர்க்கரையைக் குடல் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது அந்தச் சர்க்கரையை வீணாக்காமல் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் அதனால் முடியாது. சர்க்கரை சிறுநீரில் வழியும், உடம்புத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் அடங்காத தாகம். “எறும்பு வந்த அன்னைக்கே வந்திருக்கலாமே ஐயா” என்றார்.

அதற்குள் மாமாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அதன்பின் இயந்திரம்தான் அவர் இரத்தத்தைக் கழுவியது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார்கள். கையருகே தண்ணீர் இருந்தபோது குடிக்காத மனிதர், ஒரு ஐஸ் துண்டுக்காக என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒருநாள் மண்டோர் ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்தார்.

“என்னா சீனி, இங்கயும் எறும்பு வருதா லா?”

“மூத்திரமே நின்னுபோச்சு மண்டோர். எறும்புக்கு நான் எங்க போறது?”

பக்கத்துக் கட்டில்காரர் சத்தமாகச் சிரித்தார். மண்டோரும் சிரித்தார். மாமா அந்த மாதமே செத்துப்போனார்.

இன்று காலை என் வீட்டுக் கழிப்பறையில் எறும்பு வரிசை. யாரும் பார்ப்பதற்குள் கழுவிவிட, கை தானாகவே வாளியைத் தூக்கியது. கீழே வைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஐயே, அப்பா!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு, “கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்றேன்.

எழுதியது தைப்பூசத்துக்கு மறுநாள், கிளினிக் நாற்காலியில், என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்.