சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே

நான் இப்போது வேலை பார்க்கும் வண்டிப்பெரியாற்று அச்சகத்துக் கணினியில், ஒரு பக்கத்துக்குள் எழுத்து அடங்காவிட்டால் அடியில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி வருகிறது. பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் அது சின்ன முக்கோணமாக இருக்கும். எதுவாக இருந்தால் என்ன, அந்தச் சிவப்பைக் கண்டதும் கை தானாக மவுஸுக்குப் போகிறது. கூடவே மதினி ஞாபகமும் வந்துவிடுகிறது.

மதினி என் அண்ணன் மனைவி. பீர்மேட்டுப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அண்ணன் இறந்தபோது, அதே ஜீப்பில் இருந்த மதினி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடக்கத்துக்கு வர முடியவில்லை. எழுந்து நடந்த பிறகும் சரிவில் ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது என்றாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாதா கோயில் ஹாலில், கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் டிடிபி வகுப்பு தொடங்கினார்கள். நானும் மதினியும் சேர்ந்தோம்.

முதல் நாளிலிருந்தே குழப்பம்தான். சொல்லிக்கொடுத்த பெண் மதினியைவிடப் பத்து வயது சின்னவள், மலையாளம்தான் பேசுவாள். மெனு முழுக்க ஆங்கிலம். விசைகளில் இருப்பது ஆங்கில எழுத்து, தட்டினால் திரையில் வருவது தமிழ். மதினிக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது என்று சொன்னால் பச்சைப் பொய். எழுத்தை ஓரிடத்தில் அடித்து, அதை அள்ளிக்கொண்டு வந்து அச்சுப் பக்கத்தில் ஏன் ஊற்ற வேண்டும்? நேரே பக்கத்திலேயே அடித்தால் என்ன? கேட்டால் அந்தப் பெண், "அது அங்ஙனெயா, சேச்சீ" என்று, அது அப்படித்தான் என்பதோடு முடித்துவிடுவாள். "ஒரு எழவும் வெளங்கல, பிள்ள," என்று மதினி என் காதில் சொல்வார்.

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்று ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்த வருஷம் துண்டுகளைத் தொகுத்து அடித்துத் தரும் வேலை எங்களிடம் வந்தது. அடக்கத்தைப் பார்க்காத மதினிக்கு, அண்ணன் கல்லறையருகே நின்று அவர் பெயர் வாசிக்கப்படுவதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஒரே ஆசை. அந்தப் பெயரை மட்டும் தானே அடிப்பேன் என்று ஒற்றை விரலால் அடித்தார். தொழிலாளர் குடியிருப்பான லயங்களின் வரிசைப்படி போட்டதால், கடைசி லயத்துக்காரர்களான நாங்கள் பட்டியலின் அடியில் இருந்தோம்.

பட்டியலைப் பக்கத்தில் ஊற்றியதும் கீழே சிவப்பு முக்கோணம் வந்து நின்றது. அன்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் பெண் லீவு. நான் திருதிருவென்று விழித்தேன். எங்கள் தேயிலைக் காட்டில் மருந்தடித்து முடித்த இடத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டுவார்கள். மதினிக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"வேலை முடிஞ்சிட்டுன்னு கொடி காட்டுது, பிள்ள," என்றார்.

எனக்கும் சரியென்று பட்டது. பிரிண்ட் எடுத்து, ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூடத் தோன்றாமல் கொடுத்துவிட்டோம்.

சாமியார் வாசித்தபோது மதினி என் கையைப் பிடித்திருந்தார். எங்களுக்கு முந்தைய லயத்தின் பெயர்கள் வந்ததும் பிடி இறுகியது. அதோடு சாமியார் தாளை மடித்து ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லறையில் ஏற்றக் கொண்டுவந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே மதினி நின்றார். "நான் எதையோ தப்பா அமுக்கி அவுக பேர அழிச்சிட்டேன், பிள்ள," என்றார்.

ஜெபம் முடிந்ததும் காலில் ஒட்டிய மண்ணோடு ஹாலுக்கு ஓடிக் கணினியைத் திறந்தோம். முக்கோணம் அங்கேயே நின்றது. மதினி ஆத்திரத்தில் மவுஸால் அதை அமுக்கிக் கீழே இழுத்தார். பெயர்கள் இறங்கி வந்தன. எங்கள் லயத்தில் செத்த அத்தனை பேரும் வந்தார்கள், கடைசியில் அண்ணன்.

"உள்ளதான் இருந்திருக்காக," என்று சொல்லி மதினி அழுதார். எனக்குக் கணினி மேல் கோபம்தான் வந்தது. இடம் போதவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. அது சொல்லத்தான் செய்தது, எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

விடுபட்ட பெயர்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பினால், சாமியார் அடுத்த எஸ்டேட்டுக்கு ஜீப் ஏறிப் போயிருந்தார். கல்லறையில் ஒருவரும் இல்லை. அண்ணன் பெயரை நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். மதினி தாளை வாங்கிக்கொண்டார். "இவுகளும் காத்துக்கிட்டுதான இருந்திருப்பாக," என்று முதல் பெயரிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசிப் பெயரில் நின்றார். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மதினி அண்ணன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று சொன்னார், சத்தமாக. பிறகுதான் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார்.

மதினி இப்போது தென்காசிப் பக்கம் தாய் வீட்டில் இருந்து தையல் தைக்கிறார். கணினியை அதன் பிறகு தொடவில்லை. கோயில் பட்டியலை இன்றும் நான்தான் அடிக்கிறேன். இடம் தாராளமாக இருக்கும்போதும் அந்தச் சிவப்பு ஏன் சில சமயம் வருகிறது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சரியாகத் தெரியாது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் மதினி தவறாமல் போன் செய்வார்.

"கொடிய இழுத்துப் பாத்தியா?"

"பாத்துட்டேன், மதினி."

"கடைசிப் பேரு என்ன?"

அதை மதினிக்கே விட்டுவிடுவேன். அண்ணன் பெயரை அவரே சொல்வார்.